எருமை தும்மிய கதை

சேமியா ஐஸ் தின்ற மூன்றாம் நாள் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. எச்சில் விழுங்கினால் முள் குத்துகிற மாதிரி. அம்மாயி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக் கழுத்தில் பத்துப் போட்டு, மிளகும் சித்தரத்தையும் தட்டிக் கஷாயம் வைக்க, அந்தக் காரவாசம் கட்டுத்தரை வரைக்கும் போய் எருமை தும்மியது. அப்படித்தான் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. நான் கொஞ்சம் புளுகுகிற பிள்ளைதான்.

தொண்டை நாலு நாளில் ஆறியது, மறந்தும் போனோம். இரண்டு மூன்று வாரம் கழித்து, மில் சங்கு ஊதி அப்பா சைக்கிளை எடுக்கிற நேரம், என் இடது முழங்கால் வீங்கிச் சுட்டது. "வளர்ற புள்ளைக்குக் கால் குடையுமுங்க" என்றார்கள். ரெண்டு நாளில் அது சரியாகி, வலி வலது கணுக்காலுக்குப் போய்விட்டது. "நேத்து அந்தக் காலு, இன்னைக்கு இந்தக் காலு, நாளைக்குக் கையா?" என்றார் வாத்தியார். மறுநாள் மணிக்கட்டேதான் வலித்தது. அதை யாரிடம் போய்ச் சொல்ல?

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிய பிறகுதான் அப்பா பயந்தார். சூலூரில் பஸ் ஏறி, சிங்காநல்லூர் தாண்டி, திருச்சி ரோட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் முன்னாடி தொண்டை வலி வந்துச்சா?" என்று கேட்டார்.

"வந்துச்சுங்க. தொண்டைக்கும் காலுக்கும் என்னங்க சம்மந்தம்?" என்றாள் அம்மா.

அவர் பதில் சொல்லாமல் ஸ்டெதஸ்கோப்பை என் நெஞ்சில் வைத்து வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பொறுமையாக விளக்கினார். ருமாட்டிக் காய்ச்சலாம். தொண்டைக்கு வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியோடு சண்டை போடப் போன உடம்பு, ஆள் தெரியாமல் தன் மூட்டையும் இதய வால்வையும் அடித்துவிடும். பெரும்பாலான தொண்டை வலி தானே போய்விடும். எங்கோ ஒரு பிள்ளைக்குத்தான் இப்படி. சில பிள்ளைகளுக்குக் கைகால் தன்னால் துள்ளுமாம். மூட்டு வலி தடமில்லாமல் போகும், வால்வில் விழுந்த வடு போகாமல் இருந்துவிடலாம். திரும்ப வராமலிருக்க 21 நாளுக்கு ஒரு பெனிசிலின் ஊசி, வருசக்கணக்கில்.

பால் மாதிரிக் கெட்டியான மருந்து. ஊசியே சிலசமயம் அடைத்துக்கொள்ளும். இடுப்பில் குத்தினால் பஸ்ஸில் ஒரு பக்கம் சாய்ந்தே உட்கார வேண்டும், மடியில் அப்பா வாங்கித் தந்த தேங்காய் பன். வீட்டில் அம்மாயி, நாட்காட்டியில் அடுத்த தேதி மேல் சுண்ணாம்புப் பொட்டு வைத்துவிட்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப, எருமை தும்முனதும் நெசந்தானா கண்ணு?"

"நெசந்தானுங்க அம்மாயி" என்றேன்.