டோல்கேட்டும் ஒரு பந்தாட்டமும்

சென்னைப் பட்டணத்தில் சில இடங்களுக்குப் பெயர் மாத்திரம் மிஞ்சியிருக்கிறது. பெயருக்குக் காரணமாயிருந்த பொருள் போய்விட்டது. நெசவாளர்களைக் குடியேற்றுவதற்காக உண்டான சிந்தாதிரிப்பேட்டையில் தறிச் சத்தம் ஓய்ந்து வெகு காலமாகிறது. அதைப் போலவே, வட சென்னையில் டோல்கேட் என்னும் இடத்தில் நாம் எவ்வளவு தேடினாலும் 'டோல்' வசூலிப்பவரும் இல்லை, 'கேட்'டும் இல்லை. பட்டணத்துக்குள் வரும் வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய காலம் மலையேறிவிட்டது. ஆனால் வாயிலை எடுத்த பிறகும் காத்திருக்கும் வழக்கத்தை இந்தப் பிரதேசம் விட்டுவிடவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் இங்கே ஒன்றன் பின் ஒன்றாய் நிற்பதைக் கண்டால், கண்ணுக்குத் தெரியாத சுங்கச் சாவடி ஒன்று இன்னமும் எங்கோ இருக்கிறது என்றே தோன்றும்.

2021 பிப்ரவரி 14-ம் தேதி முதல் டோல்கேட்டுக்கு மெட்ரோ ரயில் வந்துகொண்டிருக்கிறது. பூமிக்கு அடியில் ஓடி வந்த ரயில், இதற்குள் வெளிச்சத்துக்கு வந்து வானத்தில் ஏறிக்கொள்கிறது. நிலையம் தூண்களின் மேல் உயரத்தில் அமைந்திருப்பதால், இறங்கியவுடனே வட சென்னையின் பூகோளம் ஒருவாறு விளங்கிவிடுகிறது. கிழக்கே கிட்டத்தில் கடல். தெற்கே காசிமேடும், 1856-ம் வருஷத்தில் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இராயபுரமும். வடக்கே தியாகராஜர் கோயில் கொண்ட திருவொற்றியூர்; அங்கேதான் கடலோரத்தில் பட்டினத்தார் அடங்கிய இடமும் இருக்கிறது. அதையும் தாண்டினால் எண்ணூர்க் கழிமுகமும் புகைபோக்கிகளும். துறவிக்கும் தொழிற்சாலைக்கும் ஒரே கடற்கரையில் இடங்கொடுத்த ஊர் இது.

நாம் இங்கே வந்தது கோயிலைத் தரிசிப்பதற்கல்ல, தொழிற்சாலைகளைப் பார்ப்பதற்குமல்ல. ஒரு பந்தாட்டத்தைப் பற்றிக் கேட்பதற்காக வந்தோம். அந்த ஆட்டம் டோல்கேட்டில் நடக்கவில்லை, சென்னையிலேயே நடக்கவில்லை. ஆயினும் அதைப் பற்றி விசாரிக்க வேண்டுமானால் வட சென்னைக்குத்தான் வரவேண்டும். ஏனெனில், பட்டணத்தின் மற்றப் பாகங்களெல்லாம் கிரிக்கெட்டுக்கு அடிமைச் சாசனம் எழுதிக் கொடுத்த பிறகும், கால்பந்தைக் கைவிடாத பிரதேசம் இது. கால்பந்துக்கு மட்டை வேண்டாம், காலுறை கவசம் வேண்டாம். ஒரு பந்தும், லாரி நிற்காத ஒரு துண்டு நிலமும் இருந்தால் போதும். பக்கத்து வியாசர்பாடியில் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தைக் கண்டு, பத்திரிகைக்காரர்கள் அதற்கு 'குட்டி பிரேஸில்' என்றே பெயர் சூட்டியிருக்கிறார்கள்.

2015-ம் வருஷத்து டிசம்பர் மாதத்தைச் சென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். டிசம்பர் 1-ந் தேதி பெய்த மழையில், தாம்பரத்தில் மாத்திரம் ஒரு நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரையில் நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டு வீடுகளில் புகுந்தது. விமான நிலையத்தின் ஓடுபாதை ஏரியாகி, சில தினங்கள் விமானமே இல்லை. 1878-ல் ஆரம்பித்த 'ஹிந்து' பத்திரிகை, அச்சகத்துக்கு ஆட்கள் போய்ச் சேர முடியாமையால் டிசம்பர் 2-ந் தேதி வெளிவரவில்லை. அந்த வருஷத்து மழையில் தமிழ்நாட்டில் உயிரிழந்தவர்கள் 400 பேருக்கு மேல்.

அடையாற்றின் கதையை உலகம் கேட்டது. வடக்கே நடந்ததை அவ்வளவாகக் கேட்கவில்லை. பூண்டி ஏரியின் உபரி நீரைச் சுமந்துகொண்டு கொசஸ்தலையாறு மணலிப் பக்கமாக வந்து எண்ணூரில் கடலைத் தேடுகிறது. கழிமுகமோ மண்ணும் சாம்பலும் படிந்து ஒடுங்கிக் கிடக்கிறது. போக வழியில்லாத தண்ணீர் எங்கே போகும்? ஏழைகளின் வீட்டுக்குத்தான் போகும். ஆயினும், அந்த நாட்களில் கடலோரக் குப்பங்களைச் சேர்ந்த மீனவர்கள் தங்கள் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, முன்பின் தெரியாத தெருக்களில் போய் ஜனங்களை மீட்டார்கள். மாடியில் நின்று கைகாட்டியவர்களின் ஜாதியையோ அந்தஸ்தையோ அவர்கள் விசாரிக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் 'சென்னையின் எப்.சி.' என்ற கால்பந்து அணி, இந்தியன் சூப்பர் லீக் போட்டியின் அரை இறுதிக்கு வந்து சேர்ந்திருந்தது. பருவத்தின் நடுவில் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது. கடைசி ஆட்டங்களில் வரிசையாக ஜயித்து மூன்றாவது இடத்துக்கு ஏறிவிட்டது. 2006-ல் இத்தாலிக்கு உலகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்களில் ஒருவரான மார்க்கோ மாட்டராஸி அதற்குப் பயிற்சியாளர். அரை இறுதியின் முதல் ஆட்டம் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நடக்க வேண்டியது. வெள்ளத்தின் காரணமாக அதைப் பூனாவுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது உறவினர் வீட்டுக்குப் போனவர்கள் பலர்; பட்டணத்தின் பந்தாட்டமும் அப்படியே அடுத்த ஊருக்குப் போயிற்று.

டிசம்பர் 12-ந் தேதி பூனாவில், முந்திய வருஷம் கோப்பையை வென்ற கல்கத்தா அணியைச் சென்னை 3-0 என்று தோற்கடித்தது. 16-ந் தேதி கல்கத்தாவில் 1-2 என்று தோற்றபோதிலும், மொத்தக் கணக்கில் 4-2 என்று முன்னேறியது. இறுதி ஆட்டம் டிசம்பர் 20-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில். அதற்கும் நேருவின் பெயர்தான்! எதிராளியும் கோவா அணியே. ஆகவே மைதானம் முழுவதும் எதிர்க் கட்சியின் ஆரவாரம்.

டோல்கேட்டில் டீக்கடை வாசலில் நாம் சந்தித்த ரசிகர்கள், அந்த ஆட்டத்தை நேற்றுப் பார்த்தது போலவே வர்ணித்தார்கள். ஒருவர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றுகிறவர். மற்றொருவர் வாலிபர், அந்நாளில் பள்ளிக்கூடத்துப் பையன்.

"எங்க வீட்டு டி.வி. தண்ணியில போயிடுச்சு, ஐயா. மாடி வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க. முப்பது பேர் ஒரே அறையில உட்கார்ந்து பார்த்தோம்" என்றார் பெரியவர்.

54-வது நிமிஷத்தில் புரூனோ பெலிசாரி உதைத்த பெனால்டியைக் கோவாவின் கோல் காவலர் கட்டிமணி தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே வலைக்குள் அனுப்பினார். நாலு நிமிஷத்தில் கோவா சமன் செய்தது. பிறகு மெண்டோஸா உதைத்த இன்னொரு பெனால்டியையும் கட்டிமணி பிடுங்கிக்கொண்டார். 87-வது நிமிஷத்தில் ஜோஃப்ரே அடித்த உதையில் கோவா 2-1 என்று முந்தியது. மூன்று நிமிஷங்களே பாக்கி.

"அப்போ நாலு பேரு எழுந்து வெளியே போயிட்டாங்க. போனவங்க இன்னிக்கும் அதை நினைச்சு வருத்தப்படறாங்க" என்றார் வாலிபர், சிரித்துக்கொண்டே.

90-வது நிமிஷத்தில் அன்று முழுவதும் கோவாவைக் காப்பாற்றிய அதே கட்டிமணியின் கையில் பட்டுப் பந்து சொந்த வலைக்குள்ளேயே விழுந்தது. விதி என்பது எவ்வளவு கொடிய விளையாட்டுக்காரன்! அதற்கு மேலும் உபரியாகக் கொடுத்த நிமிஷங்களில் கொலம்பியா தேசத்து மெண்டோஸா வெற்றி கோலைப் போட்டார். 3-2. அந்த அறையில் என்ன நடந்தது என்று கேட்டோம். "தரை இடிஞ்சு கீழ் வீட்டுக்கே போயிடுவோமோன்னு பயந்துட்டேன்" என்றார் பெரியவர்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுகிறது. பந்து வலைக்குள் போனதால் நனைந்த அரிசி உலர்ந்ததா? போன பாத்திரமும் பள்ளிப் புத்தகமும் திரும்பி வந்தனவா? இல்லை. ஒரு விளையாட்டு வெற்றியை நிவாரணம் என்று சொல்வது, பசித்தவனுக்குப் பாட்டுப் பாடுவதற்கு ஒப்பாகும். அதிகாரிகள் செய்ய வேண்டியதை ஆட்டக்காரர்கள் செய்துவிட முடியாது.

ஆனால் மனிதர் அரிசியினால் மட்டும் எழுந்து நிற்பதில்லை. 1911 ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், ஒருவரைத் தவிர மற்றவரெல்லாம் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் பட்டாளத்து வெள்ளைக்காரர்களை 2-1 என்று வென்றார்கள். அதனால் மறுநாள் சுயராஜ்யம் வந்துவிடவில்லை. இன்னும் முப்பத்தாறு வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. எனினும், 'நம்மால் முடியாது' என்று ஜனங்கள் மனத்தில் பதிந்திருந்த எண்ணத்தில் அன்று ஒரு கீறல் விழுந்தது. சென்னையின் எதிரி பட்டாளமல்ல, சேறும் சோர்வும்தான். மூன்று வாரமாக யாரிடம் பேசினாலும் எத்தனை அடி தண்ணீர், எவ்வளவு நஷ்டம் என்பதே பேச்சு. டிசம்பர் 21-ந் தேதி காலையில் முதன் முறையாகப் பேச வேறொரு விஷயம் கிடைத்தது. "அன்னிக்குத்தான் ஐயா, தண்ணியைப் பத்திப் பேசாம டீ குடிச்சோம்" என்று பெரியவர் சொன்னபோது, இதைவிட நல்ல விளக்கம் வேண்டியதில்லை என்று நமக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த இறுதி ஆட்டத்தில் கோல் போட்டுச் சென்னையைத் தூக்கி நிறுத்தியவர்கள் பிரேஸில்காரரும் கொலம்பியாக்காரருமே. டோல்கேட் ரசிகர்களுக்கு அதில் குறை ஒன்றுமில்லை. கப்பல் வரும் ஊரில் வேற்று நாட்டார் புதியவர்களல்ல. ஆயினும் 2018 மார்ச்சில் அந்த அணி மறுபடி கோப்பையை வென்றபோது, அரை இறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோலைப் போட்டவர் வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் என்பதைச் சொல்லும்போது வாலிபரின் குரலே மாறிவிட்டது. "நம்ம பையன்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வட சென்னைக்குத் துன்பம் அத்துடன் நின்றுவிடவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரை சேர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து கழிமுகத்து மீனவர் வீடுகளில் படிந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு கோப்பை வந்து ஆறுதல் சொல்லும் என்று எதிர்பார்க்க முடியுமா? கழிமுகத்தைத் தூர் வாருவதும், கால்வாயைக் காப்பதும், பிள்ளைகளுக்கு ஆடுகளம் ஒதுக்குவதும் அரசாங்கத்தின் கடமை. குறிப்பாக, ஆடுகளத்தை வெறும் சௌகரியம் என்று எண்ணிவிடக்கூடாது. மழைக் காலத்தில் அதே வெற்று நிலம் தண்ணீரைத் தாங்கிக்கொள்ளும். வெயில் காலத்தில் பையன்களைத் தாங்கிக்கொள்ளும்.

சாயங்காலம் நாம் புறப்படுகையில், லாரிகளுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சிறிய இடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் பந்தை உதைத்துக் கொண்டிருந்தார்கள். இரண்டு செங்கற்களே கோல் கம்பங்கள். பழைய சுங்க வாயில் போய்விட்ட டோல்கேட்டில், அந்தச் செங்கல் வாயில் ஒன்றுதான் நம் கண்ணில் பட்டது. அதற்கு இன்னும் சற்று அகலமான நிலம் கிடைக்க வேண்டும்.