பட்டைப் பார்த்து வாங்கும் காஞ்சியில், புல்லைப் பார்த்து வாங்குகிறோமா?

முகூர்த்தப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருபவர்கள், ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்ப்பதுண்டு. முடி கருகும் வாசம் வந்தால் அசல் பட்டு! ஆனால், ஏகாம்பரநாதர் கோயில் விகடசக்கர விநாயகருக்குச் சாத்த வாங்கும் அறுகம்புல்லை யாரும் சோதிப்பதில்லை.

அறுகு தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர்விடும். பூக்கும் தண்டின் உச்சியில், ஒரே இடத்திலிருந்து 3 முதல் 6 மெல்லிய கதிர்கள் விரல்களாக விரியும். காக்கைக்கால் புல்லும் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும். அதன் கதிர்களோ குட்டை, தடிமன். நுனி முள்போல் நீட்டியிருக்கும். ஊதா நிறத்தில், தொட்டால் பஞ்சுபோல் இருந்தால் அது மயில்கொண்டைப் புல்.

கதிர் இல்லையா? வேரோடு பிடுங்கிப் பாருங்கள். அறுகின் தண்டு மண்ணுக்கு அடியிலும் ஓடும். மேலே காய்ந்தாலும் அதிலிருந்து மறுபடி துளிர்க்கும். மணமக்களை ‘அறுகுபோல் வேரூன்றி வாழ்க’ என்று வாழ்த்துவது இதனால்தான்.

ஜூஸ் போடுபவர்களுக்கு இன்னொன்று: அசல் அறுகே ஆனாலும், சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் முளைத்தது வேண்டாம். வீட்டுத் தொட்டியில் ஒரு கணுவை நட்டாலே போதும், தானே படர்ந்துவிடும்!