மீனுக்கு என்ன ஆயிற்று?



இந்த வாரத் தியானத்தில், ஒரு தகப்பனாக நான் செய்த தவறு ஒன்றை உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஏறக்குறைய 20 ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் ஆராதனைக்கான பிரசங்கத்தை ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அப்பொழுது 8 வயதான என் மகன் நோட்டுப் புத்தகம் ஒன்றை ஏந்தியபடி என் மேசையருகே வந்து நின்றான். ஓய்வுநாள் பள்ளியில் கேட்ட யோனாவின் சரித்திரத்தை, அந்த மீனே சொல்வதுபோல எழுதியிருந்தான். தீர்க்கதரிசியை விழுங்கிய மீனுக்கு மூன்று நாட்களாக வயிற்றுவலி. உள்ளே ஒருவர் ஓயாமல் ஜெபித்துக்கொண்டிருந்ததால் அதற்கு உறக்கமும் இல்லை! பக்கத்தின் ஓரத்தில், முகம் சுளித்த ஒரு மீனை நீல நிறப் பென்சிலால் வரைந்தும் இருந்தான்.

நான் சிவப்பு மைப் பேனாவை எடுத்தேன். மீன் யோனாவைக் கக்கிய இடத்தில், 'கரை' என்பதை அவன் 'கறை' என்று எழுதியிருந்தான். அப்படி 14 பிழைகளை வட்டமிட்டு, "முதலில் பிழையில்லாமல் எழுதப் பழகு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அதன்பின் தான் எழுதிய எதையும் அவன் என்னிடம் கொண்டுவரவில்லை. அவன் கொண்டுவரவில்லை என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

கடந்த கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவன் வந்திருந்தபோது, என் மனைவி பழைய ட்ரங்குப் பெட்டியிலிருந்து அந்த நோட்டை எடுத்தாள். முதல் இரண்டு பக்கங்களுக்குப் பின் எல்லாம் வெற்றுத் தாள்கள். மகன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "அப்பா, கடைசியில அந்த மீனுக்கு என்ன ஆச்சுன்னு நீங்க கேக்கவே இல்லையே."

அன்றிரவு நான் கேட்டேன். "மறந்துபோச்சுப்பா" என்றான்.

பிரியமானவர்களே, நான் எழுத்துப் பிழையைத் திருத்தியது தவறல்ல. கதையைக் கேட்கும் முன்பே திருத்தியதுதான் தவறு. தான் உண்டாக்கிய ஒன்றை ஒரு குழந்தை நம்மிடம் நீட்டும்போது, அது மதிப்பெண் கேட்டு வருவதில்லை. தன் மகிழ்ச்சியில் நம்மையும் பங்குபெற அழைக்கிறது.

யாத்திராகமம் 31-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவர் என்று வேதம் முதன்முதலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் மனிதர் ஓர் அரசரோ தீர்க்கதரிசியோ அல்லர். பெசலெயேல் என்னும் கைவினைஞர். பொன்னிலும் வெள்ளியிலும் வெண்கலத்திலும் வேலை செய்யவும், இரத்தினம் இழைக்கவும், மரத்தில் சித்திரம் செதுக்கவும் அவருக்கு அந்த நிறைவு அருளப்பட்டது. அவ்வாறிருக்க, நம் பிள்ளையின் கையிலுள்ள வண்ணப் பென்சிலை வீண்வேலை என்று நாம் எப்படிச் சொல்லலாம்?

இங்கிலாந்தின் ஹாவொர்த் என்னும் ஊரில் பாட்ரிக் பிராண்ட்டி என்ற குருவானவர் வாழ்ந்தார். மனைவியையும் மூத்த மகள்கள் இருவரையும் மரணத்தில் இழந்தவர். 1826-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் தம் மகனுக்கு மரத்தாலான பொம்மைச் சிப்பாய்கள் 12 பேரை வாங்கி வந்தார். எஞ்சியிருந்த நான்கு பிள்ளைகளும் அவற்றுக்குப் பெயர் சூட்டி, கற்பனை தேசம் ஒன்றை அமைத்தனர். அந்தச் சிப்பாய்கள் வாசிப்பதற்கென்று, உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் புத்தகங்களைக் கழிவுத் தாள்களில் தைத்து, நுண்ணிய எழுத்தால் நிரப்பினர். தகப்பனாரின் புத்தகங்களும் செய்தித்தாள்களும் அவர்களுக்குத் தடையின்றிக் கிடைத்தன. அவருடைய மகள்கள் மூவரின் நாவல்களும் 1847-இல் வெளிவந்தன. ஷார்லட் எழுதிய 'ஜேன் ஐர்' அவற்றில் ஒன்று.

நம் பிள்ளைகள் எல்லாரும் எழுத்தாளர்களாகவோ ஓவியர்களாகவோ ஆக வேண்டியதில்லை. ஆனாலும், தங்கள் உள்ளத்தில் பிறந்ததை அச்சமின்றி வெளியே கொண்டுவர ஓர் இடம் அவர்களுக்கு வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஒருபுறம் அச்சான தாள்களைச் சேர்த்துத் தைத்துக் கொடுங்கள். எழுதத் தெரியாத சிறு பிள்ளை கதை சொன்னால், அது சொல்லுகிறபடியே நீங்கள் எழுதிக்கொடுங்கள். படத்தை அது வரையட்டும். குடும்ப ஜெபத்தில் வாசித்த பகுதியை வரையச் சொல்லுங்கள். "இது என்ன, யானையா?" என்று ஊகிக்காமல், "இதைப்பற்றி எனக்குச் சொல்" என்று கேளுங்கள். பின்புறம் தேதியிட்டுப் பத்திரப்படுத்துங்கள். பிழைகளை வேறொரு நாள், வேறொரு தாளில் கற்றுக்கொடுக்கலாம்.

இன்று மாலை உங்கள் பிள்ளை ஒரு தாளுடன் உங்களிடம் வரக்கூடும். கையிலுள்ள கைப்பேசியைக் கீழே வையுங்கள். கடைசிவரை கேளுங்கள். கேட்டு முடித்தபின், "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை 20 ஆண்டுகள் தாமதித்துக் கேட்டவன் சொல்லுகிறேன்.

ஜெபம்: எங்களைச் சிருஷ்டித்த ஆண்டவரே, நீர் எங்கள் பிள்ளைகளுக்குள் வைத்திருக்கிறதை எங்கள் அவசரத்தால் அணைத்துப்போடாதபடி எங்களைக் காத்தருளும். திருத்தும் முன்பு கேட்கிற செவியை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம் பிதாவே. ஆமென்.