அவளுக்கு மட்டும் தெரியாத இரகசியம்

எங்கள் வீட்டில் ஓர் இரகசியம் இருபது வருடங்கள் இருந்தது. அதை இரகசியம் என்று சொல்வதே பிழை. உம்மாவுக்குத் தெரியும், வாப்பாவுக்குத் தெரியும், மூத்தம்மாவுக்கும் பக்கத்து வளவுப் பெண்களுக்கும் தெரியும். எட்டு வயதிலிருந்து எனக்கும் தெரியும். தெரியாதவள் ஒருத்திதான். அது யாரைப் பற்றியதோ அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் என் தங்கச்சி.

அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பேரைப் போடாம எழுதுங்க ராத்தா. யாருக்காவது பிரயோசனப்படட்டும்" என்றாள்.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்குக் கரையில் அடித்த சூறாவளியை எங்கள் பகுதியில் யாரும் மறக்கமாட்டார்கள். மட்டக்களப்புப் பக்கம் தென்னந்தோட்டங்கள் அப்படியே சரிந்து கிடந்தன. 900க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் வீட்டு ஓடுகள் பறந்தாலும் சுவர் நின்றது. இரண்டு வீடு தள்ளியிருந்தவர்களுக்குச் சுவரும் நிற்கவில்லை. அந்த வீட்டுத் தாய் பிள்ளை பெற்று இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை. குழந்தையை நெஞ்சோடு அணைத்தபடி சுவருக்கடியில் கிடந்தா. குழந்தைக்கு உயிர் இருந்தது, தாய்க்கு இல்லை.

அப்போது என் தம்பி கைக்குழந்தை. உம்மா ஒரு பக்கம் தம்பிக்கும் மறுபக்கம் அந்தக் குழந்தைக்கும் பால் கொடுத்தா. பத்து நாள் கழித்து அந்தப் பிள்ளையின் தகப்பன் வந்தார். வீடு இல்லை, தோணி இல்லை, மனைவி இல்லை. குழந்தையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, "இது இனி உங்கட பிள்ளை" என்று கொடுத்துவிட்டுப் போனார். தெற்கே வேறோர் ஊரில் தொழில் பார்த்து, மறுகா அங்கேயே கலியாணமும் முடித்துக்கொண்டார்.

சூறாவளியில் பல வீடுகளின் பத்திரங்கள் நனைந்தும் தொலைந்தும் போயிருந்தன. பிந்திப் பதிகிற பிறப்புகளோடு தங்கச்சியின் பிறப்பும் பதியப்பட்டது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் வாப்பாவின் பெயர் விழுந்தது. "புள்ள நாளைக்கு இஸ்கூலுக்குப் போகோணும், ஆரும் ஒண்டும் கேக்கப்படாது" என்றுதான் உம்மா நினைத்தா. அந்த நினைப்பில் கள்ளம் இல்லை. ஆனால் எழுதியது பொய்தான்.

எனக்கு உம்மா ஒரே ஒரு தடவைதான் சொன்னா. "இத நீ வாய் திறந்து சொன்னா அவள் நம்மள விட்டுட்டுப் போயிருவாள்." எட்டு வயதுப் பிள்ளைக்கு அது போதாதா? நான் வாயை மூடியவள்தான். அவளுக்குத் தலை பின்னிவிட்டேன், ஓதிக் கொடுத்தேன், சண்டை பிடித்தேன். சில நாட்களில் நானே மறந்துபோவேன். ஆனால் யாராவது எங்கள் இருவரையும் பார்த்து, "ராத்தாவும் தங்கச்சியும் ஒரே சாயல்" என்று சொன்னால் உம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பேன்.

1998இல் தங்கச்சிக்குப் பேச்சுவார்த்தை வந்தது. நல்ல குடும்பம், நல்ல பையன். தரகர் மாப்பிள்ளையின் ஊர்ப் பெயரைச் சொன்னதும் வாப்பா குடித்துக்கொண்டிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். தங்கச்சியைப் பெற்றவர் போய்க் குடியேறிய ஊர் அது. அங்கே அவருக்கு ஆண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

அன்று இரவு வாப்பா தூங்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கும் அவருக்கும் எந்த உறவும் இல்லையென்று இரண்டு நாளில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஆனால் அந்த இரண்டு நாளும் வாப்பா அனுபவித்த பயத்தை நான் கண்ணால் கண்டேன். இரகசியத்தைக் காப்பாற்றப்போய், ஒரு பிள்ளையை அவளுடைய சொந்தச் சகோதரனுக்கே கட்டிக்கொடுக்கும் நிலைமைகூட வந்திருக்கலாம் அல்லவா?

அது தீர்ந்ததும் அடுத்த கேள்வி வந்தது. நிக்காஹில் வலீ யார்? நாங்கள் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். பெற்ற தகப்பன் உயிரோடிருக்க, வளர்த்த தகப்பன் வலீயாக நிற்க முடியாது. உம்மா பால் கொடுத்ததால் தங்கச்சி எங்களுக்குப் பால்குடி உறவு. வாப்பாவும் தம்பியும் அவளுக்கு மஹ்ரம்கள். அந்த வகையில் வீட்டில் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை. ஆனால் பால்குடி உறவால் வம்சமும் வராது, வாரிசுரிமையும் வராது, வலீ உரிமையும் வராது.

"பத்திரத்தில உங்கட பேர்தானே இருக்கு? பேசாம நில்லுங்க" என்று மூத்தம்மா சொன்னா. வாப்பா சொன்ன பதில் இன்றைக்கும் காதில் கேட்கிறது. "பத்திரம் ஏமாறும் உம்மா. அல்லாஹ் ஏமாறமாட்டான்."

வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தகப்பன்மாரின் பெயர் கொண்டே அழைக்கும்படி சூறா அஹ்ஸாபில் கட்டளை வந்திருப்பதை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்கள் பாசத்தோடு வளர்த்த ஸைத் (ரலி) அவர்களை, முஹம்மதின் மகன் ஸைத் என்று மக்கள் அழைத்துவந்தார்கள். அந்த ஆயத் இறங்கிய பிறகு அவர் ஸைத் பின் ஹாரிஸா ஆனார். பெயர்தான் மாறியது; பாசம் குறையவில்லை. இதை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டுக்குள் அதைக் கொண்டுவர மட்டும் தைரியம் இருக்கவில்லை.

வாப்பா தானே சொல்வதாகச் சொன்னார். "இல்ல, நான் சொல்லுறன். பால் குடுத்தவள் நான்" என்றா உம்மா. இஷாவுக்குப் பிறகு குசினிப் பலகையில் அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சொன்னா. நான் வாசலில் நின்றேன். தங்கச்சி அழவில்லை. கடைசிவரை கேட்டுவிட்டு, உம்மாவையும் பார்க்காமல் வாப்பாவையும் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"ராத்தாக்கும் தெரியுமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மூன்று மாதம் அவள் என்னை ராத்தா என்று கூப்பிடவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதவேண்டும். எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழக்கம். விஷயம் வெளியே வந்ததும் என் புகுந்த வீட்டில் ஒருவர், "பெத்த புள்ள இல்லையே, அவளுக்கு எதுக்கு வீடு?" என்றார். அந்த இடத்தில் நான் உடனே பதில் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. ஒரு இரவு முழுவதும் அந்தச் சொல் என் மனதுக்குள் கிடந்து ஆசை காட்டியது. காலையில் வாப்பா அந்த வளவைத் தன் கையாலேயே நன்கொடை உறுதியாக அவளுக்கு எழுதினார். "வாரிசா வராது எண்டா என்ன? நான் உயிரோட இருக்கக்க குடுக்கிறத ஆரும் தடுக்கேலாது" என்றார். நான் வெட்கப்பட்டேன். அல்லாஹ் மன்னிப்பானாக.

பெற்றவர் நிக்காஹுக்கு வந்தார். வெள்ளைச் சாறன், வெள்ளைத் தொப்பி. கை நடுங்கியபடி வலீயாக நின்றார். வாப்பா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் தங்கச்சிக்கு ஒரு விஷயம் விளங்கியது. ஒவ்வொரு நோன்புப் பெருநாளைக்கும் "வாப்பாட கூட்டாளி ஒராள் குடுத்துவிட்ட" துணி என்று உம்மா ஒரு சட்டைத் துண்டு தருவா. கூட்டாளி யாரென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இருபது பெருநாள், இருபது துணி. வந்து பார்க்கவேண்டாம் என்று உம்மா கேட்டுக்கொண்டதால் அவர் வராமலே இருந்திருக்கிறார்.

அவளுடைய கோபம் மெல்ல மெல்லத்தான் ஆறியது. 2016இல் உம்மா படுக்கையில் கிடந்தபோது இரவு பகலாக இருந்து பார்த்தவள் அவள்தான். ஒருநாள் உம்மா தூங்கிய நேரம் என்னிடம் சொன்னாள்: "ராத்தா, வேற வயித்தில பிறந்தது எனக்குக் கவலையே இல்ல. ஊரே தெரிஞ்சு வெச்சிருக்க, நான் மட்டும் தெரியாம நிண்டதுதான் கவலை. ஆறு வயசில சொல்லியிருந்தா அழுதுட்டு விளையாடப் போயிருப்பன். இருபது வயசில சொன்னதால அந்த இருபது வருசத்தையும் திரும்ப ஒருக்கா யோசிச்சுப் பாக்க வேண்டி வந்திச்சு."

சகோதரிகளே, பிள்ளை எடுத்து வளர்க்கும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. பிள்ளையில்லாத சகோதரிக்குத் தன் பிள்ளையைக் கொடுத்த தாய்மாரும் உண்டு. உங்களிடம் நான் சொல்வது இதுதான்: சின்ன வயதிலேயே, சின்னச் சொல்லிலேயே சொல்லிவிடுங்கள். கதை சொல்வதுபோல் சொல்லலாம். பிள்ளை அதை அதிர்ச்சியாக எடுக்காது. தன் கதையாக எடுத்துக்கொள்ளும். 1980களில் நம் நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். பலருடைய பத்திரங்களில் தாயின் பெயரே பொய் என்பது பின்னர் வெளிவந்தது. நடுத்தர வயதில் இங்கே வந்து பெற்றவளைத் தேடித் திரிகிறவர்களைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம், எங்கள் குசினிப் பலகையில் இருந்த முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

பால் கொடுத்த விஷயத்தையும் மறைக்கவேண்டாம். உக்பா பின் ஹாரிஸ் (ரலி) அவர்கள் திருமணம் முடித்த பிறகு ஒரு பெண் வந்து, "உங்கள் இருவருக்கும் நான் பால் கொடுத்திருக்கிறேன்" என்றார். அவர் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் பயணம் செய்து நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார். இறுதியில் மனைவியைப் பிரிந்தார். ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் அந்தப் பிரிவே நேர்ந்திராது. யாருக்குப் பால் கொடுத்தோம் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவைப்பது பெரிய வேலையா?

அப்படியென்றால் வீட்டில் உள்ள எல்லா இரகசியத்தையும் வெளியே போடவேண்டுமா? இல்லை. உம்மா மௌத்தாகி நாற்பது நாள் கழித்து அவவின் பெட்டகத்தைத் திறந்தோம். அதற்குள் இரண்டு கடதாசிகள் இருந்தன. ஒன்று, வாப்பா ஒரு தமிழ் நண்பரிடம் 5,000 ரூபா கைமாற்று வாங்கிய துண்டு. இருவருமே மௌத்தாகியிருந்தார்கள். அதை உடனே எல்லோருக்கும் சொன்னேன். சொத்துப் பிரிப்பதற்கு முன் கடன் தீரவேண்டும் என்பது குர்ஆனின் ஒழுங்கு. அந்த நண்பரின் மகனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தோம்.

மற்றது, எங்கள் குடும்பத்தில் ஒருவர் இளமையில் செய்த தவறைப் பற்றிய கடிதம். அவர் தௌபாச் செய்து, நல்லபடியாக வாழ்ந்து, பேரப்பிள்ளைகளையும் கண்டவர். அதைத் தெரிந்துகொள்வதால் யாருக்கும் எந்த உரிமையும் கிடைக்காது. கெட்டுப்போவது ஒரு பெயர்தான். அடுத்தவர் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்பது நபிமொழி. கடிதத்தை அடுப்பில் போட்டேன். தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள். "என்ன அது?" என்று கேட்டாள். "நமக்குரியது இல்ல" என்றேன். அவள் மேலே கேட்கவில்லை.

எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான். ஓர் இரகசியம் கையில் இருக்கும்போது, அது யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். அது இன்னொருவருடைய ஹக் என்றால் நாம் வைத்திருப்பது அமானிதம். உரியவரிடம் கொடுத்தே ஆகவேண்டும். அது இன்னொருவருடைய குறை என்றால் மூடிவிடுவது நல்லது. எங்கள் உம்மா இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவ அல்ல. பிள்ளை போய்விடுவாளோ என்ற பயத்தில்தான் மறைத்தா.

பிள்ளை போகவில்லை. உம்மாவின் கடைசி மூச்சின்போது கலிமா சொல்லிக் கொடுத்ததும் அவளே.