கசிந்த தொட்டி

எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழே சிமெண்டுத் தொட்டி ஒன்று உண்டு. பறவைகள் குடிக்கவும் குளிக்கவும் என்று என் தந்தையார் கட்டுவித்தது. தாம்பாளம் போல் அகன்று, ஆழமின்றி இருக்கும். சென்ற கோடையில், காலையில் ஊற்றிய நீர் உச்சிவேளைக்குள் ஒழுகிப்போவதைக் கண்டேன்.

பழவேற்காட்டில் பறவைகளுக்குத் தண்ணீர்ப் பஞ்சமா என்று வெளியூர் அன்பர்கள் நகைக்கக்கூடும். சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி எங்கள் வாசலில் கிடக்கிறது. ஆனால் அந்த நீர் எல்லாப் பறவைக்கும் உதவுவதன்று. பூநாரைக்குக் கண்ணருகே ஒரு சுரப்பி உண்டு. மிகுதியான உப்பை அது வெளியேற்றிவிடும். சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் அந்த வசதி கிடையாது. ஏரிக்கரையிலேயே வாழ்ந்தாலும் அவை நன்னீரையே தேடியாக வேண்டும். நாங்களும் குடிநீரைக் குடத்தில் சுமந்து வருகிறவர்கள். ஆகவே ஒழுகும் தொட்டி எங்களுக்குச் சிறிய காரியமன்று.

மீனவர் ஊரில் கசிவை அடைக்கத் தெரியாதவர் யார்? படகுக்கு வாங்கிய தார் கொஞ்சம் மீதமிருந்தது. அதைக் காய்ச்சி வெடிப்பின்மேல் தடிமனாகப் பூசினேன். ஒழுக்கு நின்றது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் நண்பகல் வெயிலில் தார் இளகிற்று. நீரின்மேல் எண்ணெய்ப் படலம் ஒன்று வானவில் நிறம் காட்டி மிதந்தது. நான் அதைக் கவனிக்கும் முன்னரே மைனா ஒன்று இறங்கிக் குளித்துவிட்டது. மார்பு இறகுகள் ஒட்டிக்கொள்ள, பறக்க இயலாமல் அலகால் இறகைக் கோதியபடியே இருந்தது. மாலையில் வேலியோரம் விறைத்துக் கிடந்தது.

பறவையின் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போல் மாட்டிக்கொண்டு, நீரை உள்ளே விடாமலும் உடற்சூட்டை வெளியே விடாமலும் காக்கின்றன. எண்ணெய் பட்டால் அந்தக் கட்டுக் குலைந்துவிடும். கோதும்போது நஞ்சு வயிற்றுக்குள்ளும் போகும். இவற்றையெல்லாம் பள்ளியில் பாடமாகச் சொல்லிக் கொடுத்தவன் நான்!

படகு பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அதைக் கண்டு, "வாத்தியாரே, படகிலே தண்ணி வெளியே நிற்கணும், தொட்டியிலே உள்ளே நிற்கணும். அதை ஒரு உயிர் குடிக்குதில்லையா?" என்றார். நான் தலைகுனிந்தேன்.

பிறகு அனுபவமிக்க கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் தொட்டியைத் தட்டிப் பார்த்து, "கரை மணலையும் ஏரித் தண்ணியையும் போட்டுக் கலந்திருக்காங்க ஐயா" என்றார். உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துச் சிமெண்டைப் பிளக்கும். வெடிப்பின் வேர் அதுவே.

அவர் சொற்படி, தார் முழுவதையும் உளியால் செதுக்கியெடுத்தோம். வெடிப்பை அகலமாக்கி, தூசு நீக்கி, கம்பியின் துருவைத் தேய்த்து எடுத்தோம். நல்ல நீரால் நனைத்து, ஒரு பங்கு சிமெண்டும் இரண்டு பங்கு சலித்த உப்பற்ற மணலும் கலந்து அழுந்த அடைத்தோம். மேலே இருமுறை சிமெண்டுப் பால் பூசினோம். சிறு கால்கள் வழுக்காதிருக்க, இரண்டாம் பூச்சு காய்வதற்குள் மணலைத் தூவினோம். ஏழு நாள் ஈரச்சாக்குப் போர்த்தி வைத்தோம்.

வேலை அத்துடன் முடியவில்லை. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பின் காரம் நீரில் இறங்கும். அதுவும் பறவைக்குத் தீங்கே. ஆதலால் நீரை நிரப்பி, இரண்டு மூன்று நாள் வலையால் மூடிவைத்துக் கொட்டினேன். மீண்டும் நிரப்பினேன். ஒவ்வொரு முறையும் சிவப்பு லிட்மஸ் தாளை, குடத்து நீரிலும் தொட்டி நீரிலும் நனைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நிறம் காட்ட மூன்று வாரங்கள் ஆயின. குடிநீர்த் தொட்டிக்கென்றே செய்யப்பட்ட பூச்சும் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பூசுவோரும் அது நன்கு இறுகி, மணம் முற்றிலும் நீங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். தார், படகு வர்ணம், ஈயம் கலந்த வர்ணம் ஆகியவற்றை அருகிலும் கொண்டுவரலாகாது.

அந்த நாட்களிலெல்லாம் பறவைகள் என்ன செய்தன என்கிறீர்களா? அகன்ற மண்சட்டி ஒன்றில் இரண்டு அங்குல உயரத்திற்கு நீர் ஊற்றி வைத்தேன். அவற்றிற்கு அதுவே போதுமானதாயிருந்தது. முதல் நாளே அந்தச் சட்டியை வைத்திருந்தால் நான் அவசரப்பட்டிருக்க வேண்டியதில்லை.

இப்பொழுது தொட்டி ஒழுகுவதில்லை. நாள்தோறும் சோப்பின்றித் தேய்த்துக் கழுவிப் புதுநீர் ஊற்றுகிறேன். குருவிகள் வருகின்றன. மைனாக்களும் வருகின்றன. அவற்றுள் ஒன்று குறைவு என்பதை நான் மறப்பதில்லை.