இருசி என்றொரு சொல்

எங்கள் தாமிரபரணிக் கரை ஊர்களில் ‘இருசி’ என்றொரு சொல் உண்டு. வயது வந்தும் மாதவிலக்கு வராத பெண்ணை அப்படிச் சொல்வார்கள், பெரும்பாலும் ஏச்சாக. எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தாள். சடங்கு வைக்காமலே கட்டிக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள். படித்துறையில் பெண்கள் கூடுமுன், இருட்டிலேயே குளித்துவிட்டு வந்துவிடுவாள். ‘சாமி குத்தம்’ என்றது ஊர். இன்று அதே ஊர் ‘குரோமோசோம் கோளாறு’ என்கிறது. சொல் படித்துவிட்டது. தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

தொல்காப்பியத்தில் பால் பகுப்பு நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: “எக்ஸ்எக்ஸ்னா பொண்ணு, எக்ஸ்ஒய்னா ஆணு. சயின்ஸ் அவ்வளவுதானே சொல்லுது, மேடம்?”

பள்ளிப் பாடம் அதோடு நின்றுவிடுகிறது. உயிரியல் நிற்கவில்லை. கருவில் ஏறக்குறைய ஆறாவது வாரம்வரை, விந்தகமாகவோ சினைப்பையாகவோ மாறக்கூடிய ஒரே அமைப்புதான் எல்லோருக்கும் இருக்கிறது. ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்ஆர்ஒய் என்ற மரபணு அதை விந்தகமாக மாறத் தூண்டுகிறது. விந்தகம் டெஸ்டோஸ்டீரோனைச் சுரக்கும். ஆனால் உடலின் செல்களில் அதைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி அறவே வேலை செய்யாவிட்டால், எக்ஸ்ஒய் இருந்தும் குழந்தை பெண்ணுடலோடு பிறக்கும், பெண்ணாகவே வளரும். விந்தகம் சுரக்கும் இன்னொரு ஹார்மோன் கருப்பை உருவாவதைத் தடுத்துவிடுவதால் மாதவிலக்கு மட்டும் வராது. எக்ஸ்எக்ஸ் உள்ள பெண்களிலும் சிலருக்குக் கருப்பை உருவாகாமல் போவதுண்டு. இத்தனை வேறுபட்ட உடல்களுக்கும் ஊர் வைத்திருப்பது ஒரே ஏச்சு.

ஊரை விடுங்கள். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பதக்கம் பறிக்கப்பட்டது. அந்தச் சேதியை அவர் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஒரு பெண்ணின் உடல் பற்றிய மருத்துவச் செய்தி அவளுக்கு முன்னால் நாட்டுக்குச் சொல்லப்பட்டது.

2025 செப்டம்பர் முதல், பெண்கள் பிரிவில் போட்டியிட எஸ்ஆர்ஒய் சோதனையை உலகத் தடகள அமைப்பு கட்டாயமாக்கியது. 1990இல் அந்த மரபணுவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ சின்கிளேரே இதை எதிர்த்தார். மரபணு இருக்கிறதா என்பதை மட்டுமே சோதனை சொல்லும். அது வேலை செய்கிறதா, ஹார்மோன் சுரக்கிறதா, உடல் அதைப் பயன்படுத்துகிறதா என்று சொல்லாது என்பது அவர் வாதம். அறிவியலின் பெயரால் தீர்ப்பெழுதுபவர்கள் அறிவியலாளரிடமே காது கொடுப்பதில்லை.

நம் ஆறு கடலில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்திலிருந்து 2019இல் ஒரு வழக்கு மதுரை உயர்நீதிமன்றக் கிளைக்குப் போனது. ஒரு திருநங்கையின் திருமணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்திருந்தார்கள். ‘மணமகள்’ என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம் என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். திருநர் வேறு, பிறப்பிலேயே உடலமைப்பு வேறுபடும் இடைப்பாலினத்தவர் வேறு. ஆனாலும் அதே தீர்ப்பில், இடைப்பாலினக் குழந்தைகளை ஆணாகவோ பெண்ணாகவோ ‘சரிசெய்யும்’ அறுவைக்குத் தடை விதிக்கச் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே தமிழ்நாடு அரசு ஆணை பிறப்பித்தது. உயிராபத்துக்கு மட்டும் விலக்கு.

அந்த மாணவிக்கு இலக்கணத்திலும் பதில் இருந்தது. தொல்காப்பியர் இத்தகையோரை உயர்திணையில் வைத்தார். தனி விகுதி கொடுக்கவில்லை. இரவல் விகுதியோடு வாழ்ந்தாலும் அவர்கள் உயர்திணைதான் என்பது இலக்கணம்.

அரசாணை தாளில் இருக்கிறது. பிரசவ வார்டில் மிரண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அது தெரியாது. “இப்பவே அறுத்துச் சரிபண்ணிடலாம், வெளியே தெரியாது” என்று யாராவது சொன்னால், அவள் தலையாட்டிவிடுவாள். “உயிருக்கு ஆபத்து இருக்கா? இல்லைன்னா பிள்ளை வளரட்டும், அதுவே முடிவு பண்ணட்டும்” என்று கேட்க அவளருகில் ஒருத்தி வேண்டும். அவள் செவிலியாக இருக்கலாம், சித்தியாக இருக்கலாம், இதைப் படிக்கிற நீங்களாகவும் இருக்கலாம்.