முகப்பருவும் சரும வைத்தியரும்

பருவத்தில் வருவதனாற்றான் பருவென்று பெயர் வந்ததோ என்று நாம் எண்ணுவதுண்டு. விருந்தாளியைப் போல நான்கு நாள் தங்கிப் போவதாயின் எவரும் குறை சொல்லார். ஆண்டுக்கணக்கிற் குடியிருந்து, போகும்போது குழியையும் கறையையும் விட்டுச்செல்லும் பருக்களும் உளவே! அவற்றுக்கு வைத்தியரை நாடுவது வீண் ஆடம்பரமென்று கருதும் பெரியவர்கள் எம்மிடையே இன்றும் பலர். “கலியாணம் முடிந்தால் எல்லாம் மாறிவிடும்” என்பதே அவர்கள் எழுதிக்கொடுக்கும் மருந்துத் துண்டு.

எம் வீட்டிலே பதினேழு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய கன்னங்களுக்கு உற்றார் உறவினர் சொன்ன பரிகாரங்களைத் தொகுத்தால் ஒரு வாகடமே ஆகிவிடும். அப்பாச்சி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்தார். மாமி பற்பசையைத் தடவச் சொன்னார். ஈற்றில் சிநேகிதி ஒருத்தி பெயர்ச்சீட்டில்லாத சிமிழொன்றைக் கொடுத்தாள். அக்களிம்பு பத்தே நாளில் அற்புதம் செய்தது. பரு அடங்கியது, முகம் வெளுத்தது, பிள்ளை சிரித்தாள். மூன்றாம் மாதத்திற் சிமிழ் தீர்ந்தது. தீர்ந்த ஒரு வாரத்துள், முன்னொருபோதும் காணாத அளவுக்கு முகமெங்கும் சிவந்த பருக்கள் கிளம்பின. வகுப்புக்குப் போகமாட்டேனென்று அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். உயர்தரப் பரீட்சைக்கோ ஐந்து மாதமே இருந்தது.

கொழும்பிலே சரும வைத்திய நிபுணர் ஒருவரைக் காண இலக்கம் எடுத்தோம். கிடைத்தது முப்பத்துநான்கு. காத்திருந்தோரிற் பெரும்பாலார் இளையோர். ஒருவர் முகத்தை ஒருவர் பாராது நிலத்தையே நோக்கியிருந்தனர்.

அந்த அம்மையார் விளக்கொளியில் முகத்தைப் பார்த்தது சிறிது நேரமே. கேட்ட கேள்விகளே அதிகம். சிமிழின் கதையைக் கேட்டதும் தலையசைத்தார். இத்தகைய களிம்புகளிற் பெரும்பாலும் பெற்றாமெதசோன் போன்ற ஸ்டெரொயிட் கலந்திருக்கும் என்றார். அது முதலிற் சிவப்பையும் வீக்கத்தையும் அடக்கும், நாட்செல்லத் தோலை மெலிவித்துத் தானே பருவை வளர்க்கும், நிறுத்தினாற் சீறியெழும். நிறம் வெளுக்கச் செய்யும் களிம்புகள் சிலவற்றிற் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறதாம். இவ்வளவும் சொல்லிவிட்டு, “பிள்ளை, நீர் இரவில் ஒழுங்காக நித்திரை கொள்கிறீரோ?” என்று கேட்டார். அதுவரை வாய்திறவாதிருந்த பிள்ளை அழுதுவிட்டாள். அழுது முடியும்வரை அவர் அடுத்த இலக்கத்தை அழைக்கவில்லை. வாங்கிய கட்டணம் அதற்கே தகுமென்று நாம் கருதுகிறோம்.

பரு அழுக்கினால் வருவதன்று என்பதை அவர் அழுத்திச் சொன்னார். மயிர்க்கால்களின் வாய் அடைபட, உள்ளே எண்ணெய்ப்பசை தேங்க, அங்கு வாழும் நுண்ணுயிர் பெருக, வீக்கம் உண்டாகிறது. ஆகவே நாளுக்குப் பத்துமுறை தேய்த்துக் கழுவினாற் புண் மிஞ்சுமேயன்றிப் பரு போகாது.

காலையிற் பூச பென்சோயில் பெரொக்சைட். இரவில் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணியளவு அடப்பலீன். சில வாரங்களுக்கு டொக்சிசைக்கிளின் மாத்திரை. மாத்திரையை நிறையத் தண்ணீருடன் விழுங்கி, உடனே படுக்காதிருத்தல் வேண்டும். இல்லாவிடில் தொண்டைக்குழாய் புண்படும். வெயிலுக்கும் காப்பு வேண்டும். பலன் தெரிய எட்டு முதற் பன்னிரண்டு வாரம் செல்லும் என்றார். பத்து நாள் அற்புதத்தைக் கண்டவளுக்கு இது பெருந்தண்டனையாகத் தோன்றிற்று.

“ஐசோட்ரெட்டினோயின் தாருங்கள்” என்று பிள்ளை கேட்டாள். அமெரிக்காவில் 1982 இல் அனுமதிபெற்ற வலிய மருந்து அது. கடும் பருவுக்கு அதனினும் சிறந்தது அரிது. ஆயினும் உண்ணுங்காலத்திற் கருவுற்றாற் சிசு பெரும் ஊனமடையக்கூடும். இரத்தப் பரிசோதனையும் வேண்டும். வைத்தியர் இவற்றை எம்மிடம் கூறவில்லை. கதிரையைத் திருப்பிப் பிள்ளையிடமே கூறி, மூன்று மாதம் பார்த்துத் தீர்மானிப்போம் என்றார்.

இது பத்தாவது வாரம். முதல் மூன்று வாரமும் தோல் உரிந்து எரிந்தது. வீட்டிலுள்ள நிறத் துவாய்கள் யாவும் பென்சோயில் பட்டு வெள்ளைத் திட்டுக்களாயின. அப்பாச்சிக்கு அதுவே பெருங்குறை. புதுப்பருக்கள் குறைந்துள்ளன. கறுத்த தழும்புகள் மங்கப் பல மாதம் செல்லுமாம். பிள்ளை வகுப்புக்குப் போகிறாள். தலைமயிரைக் கன்னத்தில் இழுத்துவிட்டுக்கொண்டுதான் போகிறாள்.